சூளையில் வெந்த திருநீறு

விருத்தாசலத்தில் வெள்ளிக்கிழமை ஆனால் பெண்ணாடம் சாலையில் பஸ் நகராது. காரணம் கரும்பு டிராக்டர் அல்ல, வேர்ச்சித்தர். வயலிலிருந்து ஒரு பிடி மண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், அதைக் காதருகே வைத்துக் கேட்பார். மண் அவரோடு பேசும். ஆனால் எந்த ஊர் மண்ணாக இருந்தாலும் ஒரே செய்தியைத்தான் சொல்லும்: பங்காளி செய்வினை வைத்துவிட்டான். வருஷா வருஷம் ஒரே பயிரைப் போட்டு என்னைச் சாகடிக்கிறான் என்று எந்த மண்ணும் சொந்தக்காரனைப் பற்றி வாய் திறந்ததில்லை. மண்ணுக்கும் நம் ஊர்ப் பழக்கம்தான். தப்பு என்று வந்தால் பக்கத்து வீட்டைக் கைகாட்டும்.

செய்வினைக்கு மருந்து, அவர் மந்திரம் ஓதித் தரும் வேர்த் திருநீறு. அதை மக்கின சாணத்தோடு கலந்து, வெயில் தாழ்ந்தபிறகு, ஈர மண்ணில் தூவ வேண்டும். இரசாயன மருந்து மேலே படக்கூடாது, பட்டால் தீட்டு. சித்தர் முற்றும் துறந்தவர் என்பதால் காசைக் கையால் தொடமாட்டார். சூலத்தில் ஓர் அட்டை தொங்கும். செல்போனில் ஸ்கேன் செய்து காணிக்கை செலுத்தலாம்.

வேடிக்கை என்னவென்றால், திருநீறு வேலை செய்தது. வேரழுகி வாடிய மல்லாட்டைக் கொல்லைகள் பச்சை பிடித்தன. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அது பிழைத்தால் நாங்கள் பிழைத்தோம். அப்புறம் கேட்பானேன்? ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் நல்லூரிலிருந்தும் மடியில் மண்ணோடு ஜனம் வந்து குவிந்தது.

கூட்டத்தின் முதல் வரிசையில், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றவர் கோதண்டபாணி. பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கேரியர் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் சூளைக்குப் பொறுப்பாளர். வெந்து வரும் சரக்கை விரல் முட்டியால் தட்டி, ஓசையை வைத்தே விரிசல் கண்டுபிடிப்பார். சித்தரைத் தட்டிப் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. டிப்ளமோ படித்தவர் வேறு. படிக்காதவன் சும்மா ஏமாறுவான், படித்தவன் அதற்கு ஒரு விளக்கமும் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு ஏமாறுவான். மந்திரம் என்றால் அதிர்வு, அதிர்வினால் வேருக்கு மின்சாரம் ஏறுகிறது என்று கம்பெனியில் வகுப்பே எடுத்தார். கூட வேலை பார்க்கும் ஸ்டான்லி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மோட்டாருக்கு ஈபி லைனு எதுக்குண்ணே?" என்றார்.

கோதண்டபாணியின் ஒரு ஏக்கரை உண்மையில் பார்த்துக்கொள்வது அவர் மனைவி செல்வநாயகி. அவர் திருநீற்றைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தார். "சாம்பல்னா விரல்ல புடிக்கும். இது வழுக்குதுங்க. உங்க கம்பெனி மாவுக்கல்லு தூளு மாதிரியே இருக்குது" என்றார். அந்த மாவுக்கல் தூளைத் தினமும் மூட்டை மூட்டையாகக் கலவையில் கொட்டுகிறவர் கோதண்டபாணி. இருந்தும், வழுக்குவது அருளின் பதம் என்று பதில் சொன்னார்.

செல்வநாயகி விடவில்லை. விவசாய ஆபீஸ் கூட்டத்தில் சூடோமோனாஸ் என்று ஒரு பொடியைக் காட்டினார்கள், அதற்கும் இதே சாணம், இதே சாயங்காலம், இதே மருந்து படாத பத்தியம்தான் சொன்னார்கள் என்றார். ரிஷிகள் சொன்னதை ஆபீஸில் காப்பி அடித்திருக்கிறார்கள் என்று கோதண்டபாணி ஒரே போடாகப் போட்டார். அந்தப் பதிலில் அவருக்கே ஒரு பெருமை.

அந்தப் பெருமையில்தான் அடுத்த யோசனை பிறந்தது. பீங்கான்காரன் கணக்கில் சுடாத சரக்கு எல்லாம் பச்சை மண். தொட்டால் கரையும். சுட்டால்தான் காலத்துக்கும் நிற்கும். அப்படியானால் திருநீற்றையும் சூளையில் வைத்துச் சுட்டால்? வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் நடுவே எழுந்து கேட்டே விட்டார். சித்தர் கையில் மைக். எதிரே ஆயிரம் கண். இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"நெருப்பு நாம பெத்த புள்ளை, அப்பனே. சுடச்சுட சக்தி ஏறும்" என்றார். அக்னித் திருநீறு என்று பெயரும் அங்கேயே வைத்தாயிற்று. சக்தியோடு காணிக்கையும் ஏறியது.

கோதண்டபாணி ஃபியூஸ் கேரியர்களுக்கு நடுவில் திருநீற்று ஜாடியை வைத்துச் சுட்டெடுத்து, கட்டியானதை அரைத்துத் தூளாக்கி, வீட்டுக்கு வந்து விதைக்கடலையைக் கேட்டார். ஒரு ஏக்கர் முழுக்க அக்னித் திருநீறு மட்டும்தான் என்றார். அந்த விதை, செல்வநாயகி போன அறுவடையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வைத்தது. அது அழுகினால் அந்த வருஷம் வெள்ளாமையே இல்லை. அவர் மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"மொதல்ல தொட்டியில போட்டுப் பாருங்க. பொழைச்சா மூட்டைய நானே தூக்கியாறேன்."

ஜெயிக்கப்போகிறோம் என்ற திமிரில், சோதனையைச் சித்தர் கொட்டகை வாசலிலேயே, ஊர் பார்க்க வைப்போம் என்றார் கோதண்டபாணி. கழித்துப்போட்ட கைகழுவும் பீங்கான் தொட்டிகள் மூன்றை ஸ்டான்லி கொண்டுவந்தார். வேரழுகல் வந்த கொல்லையின் மண்ணையே மூன்றிலும் நிரப்பி, விதை ஊன்றினார்கள். முதல் தொட்டிக்குச் சாணம் மட்டும். இரண்டாவதில் சாணத்தோடு அக்னித் திருநீறு, சித்தரே கண்மூடி மந்திரம் ஓதித் தூவினார். மூன்றாவதில் சாணத்தோடு ஆபீஸ் பொடி. அதில் தப்பித்தவறியும் மந்திரம் கலந்துவிடக்கூடாது, திட்டிக்கொண்டே போடு என்று மனைவியிடம் சொன்னார் கோதண்டபாணி. செல்வநாயகி புருஷன் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டார், வார்த்தை தானாக வந்தது. யாரும் கை வைக்காமல் எதிரே டீக்கடை பக்கிரி காவல் காத்தார்.

முளைத்தவரை மூன்றும் ஒன்றுபோல்தான் இருந்தன. பிறகு முதல் தொட்டி வாடியது. அடுத்த வெள்ளிக்குள் மந்திரம் ஓதிய தொட்டியும் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தது. திட்டு வாங்கிய தொட்டி மட்டும் தளதளவென்று நின்றது.

அதிர்வு பக்கத்துத் தொட்டிக்கு ஒழுகியிருக்கும் என்று சொல்ல கோதண்டபாணியின் வாய் திறந்தது. பிடித்து இழுத்த செத்த செடி கையோடு வந்ததும் தானாக மூடிக்கொண்டது. வேர் கூழாகியிருந்தது. மூட்டையை அன்றே வாங்கியிருந்தால் ஒரு ஏக்கரும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமும் வந்தது.

கழுவும் தொட்டி தீட்டு, அதனால்தான் பலிக்கவில்லை என்றார் சித்தர். மூன்றாவதும் கழுவும் தொட்டிதானே என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

செல்வநாயகி முன்னால் வந்தார். "அந்தப் பொடியில உசிரு இருக்குது. கண்ணுக்குத் தெரியாத கிருமி, நல்ல கிருமி. வேரு கசியவிடறதத் தின்னுட்டு வேரச் சுத்தியே குடியிருக்கும். அழுக வைக்கிற பூசணத்தக் கிட்ட சேக்காது. செடியவும் உஷார் பண்ணிவுடும். சித்தரு திருநீறும் அதே பொடிதான். எங்க வூட்டுக்காரரு சூளையில வெச்சி அந்தக் கிருமியக் கொன்னுட்டாரு. மிச்சம், அது ஒட்டிக்கிட்டிருந்த வெறும் மாவுக்கல்லு."

கோதண்டபாணி சித்தரைப் பார்த்தார். "உசிரு நெருப்புல போச்சு, சரி. மந்திரம் எங்க போச்சுங்க? நெருப்பு நீங்க பெத்த புள்ளையாச்சே."

சித்தர் கண்ணை மூடித் தியானத்தில் ஆழ்ந்தார். அந்த நேரத்தில் ஸ்டான்லி கொட்டகையின் பின்பக்கத் தார்ப்பாயைத் தூக்கினார். கிழித்துப்போட்ட சூடோமோனாஸ் பாக்கெட்டுகள் குவியலாகக் கிடந்தன. பக்கத்திலேயே டிரம்மில் கொட்டிக் கற்பூரமும் சந்தனமும் கலந்து வைத்த பொடி. கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் தியானம் கலைந்து, பைக் கிளம்பிவிட்டது. சூலம் அங்கேயே நின்றது. அட்டையை மட்டும் மறக்காமல் கழற்றிக்கொண்டு போயிருந்தார். துறவிக்கு அவ்வளவு ஞாபகசக்தி.

ஒரு ஏக்கரும் ஆபீஸ் பொடியோடு விதைத்து முடிந்தது. ஊர் திருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டு கோதண்டபாணி அடுத்த வெள்ளிக்கிழமை மனைவியோடு அந்தப் பக்கம் போனார். மூன்றாவது தொட்டிக்கு மஞ்சளும் குங்குமமும் பூசி, எலுமிச்சம்பழம் சொருகியிருந்தார்கள். தொட்டியம்மனாம். மடியில் மண்ணோடு வரிசை நின்றது. அதைவிடக் கேவலம், கோதண்டபாணியின் கைகளே பாதி தூரம் கும்பிடப் போய்விட்டிருந்தன. சட்டென்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

செல்வநாயகி முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தார். ஒரு செடியைப் பிடுங்கி, வேரை வரிசையில் நின்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினார்.

"இந்த வேருக்கு மூளை கெடையாது. ஆனாலும் எத உள்ள விடணும், எத வெளிய நிறுத்தணும்னு பாத்துதான் விடுது. மூளைய வெச்சிக்கிட்டு நிக்கிற நாமதான், மைக்கு புடிச்சவன் எவன் வந்தாலும் தொறந்துவிட்டுடறோம்."