பெரம்பலூரையும் அரியலூரையும் நான் இணைக்கப் போனது

ஊரே என்னைக் கண்டு பயப்படுகிறது என்று பதினோரு வாரம் நான் நம்பியிருக்கிறேன். இதை ஒப்புக்கொள்வதில் இப்போது வெட்கம் ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியதையெல்லாம் அரியலூர் பஸ் ஸ்டாண்டு வாசலில், ஒலிபெருக்கி வைத்து, ஒரே காலையில் பட்டு முடித்துவிட்டேன்.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு டுடோரியலில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். மனைவி தமிழரசி தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு பெற்றுப் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தாள். மகள் யாழினிக்கும் அங்கேயே காலேஜ். வீடு பார்த்துக் குடிபோனபோது இருவரும் டி.வி.யையும் எடுத்துக்கொண்டு போனார்கள். என்னை அரியலூரில் விட்டுப் போனார்கள். (டுடோரியல் அரியலூரில்தானே இருக்கிறது என்றாள் தமிழரசி. அது நியாயம்தான்.)

இந்த இரண்டு ஊரையும் ஒரே மாவட்டமாக வைத்திருந்தார்கள். பிறகு பிரித்தார்கள். சேர்த்தார்கள். மறுபடியும் பிரித்தார்கள். இவ்வளவு குழப்பம் எங்கள் கல்யாணப் பேச்சில்கூட நடந்ததில்லை. ஒரே மாவட்டமாக இருந்திருந்தால் தமிழரசிக்குச் சுலபமாக மாறுதல் கிடைத்திருக்கும், அவள் திரும்பி வந்திருப்பாள் என்பது என் கணக்கு. ஆகவே நான் ஒரு அரசியல் கொள்கைக்கு வந்து சேர்ந்தேன்: இரு மாவட்டங்களையும் மீண்டும் இணைக்க வேண்டும்.

கொள்கை இருந்தால் மேடை வேண்டும். செந்துறை ரோட்டில் ஒரு கீழ் வீட்டு அறையில் குமரேசன் என்பவர் லோக்கல் கேபிள் சேனல் வைத்திருந்தார். காதுகுத்து வீடியோ, தேர்த்திருவிழா, கண்ணீர் அஞ்சலி, இவைதான் அவருடைய சரக்கு. ஞாயிறு காலை பத்து மணிக்கு அரை மணி நேரம் கேட்டேன். “பேசுங்க சார், எனக்கென்ன” என்றார். ‘ஒளிவு மறைவின்றி’ நிகழ்ச்சி பிறந்தது.

நீலத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, அதன்முன் உட்கார்ந்து நான் முழங்கினேன். பிரித்தவர்களைச் சாடினேன். பிரித்ததை வேடிக்கை பார்த்தவர்களைச் சாடினேன். என் நிகழ்ச்சி பெரம்பலூரில் தெரியாததற்கும் மாவட்டப் பிரிவினையே காரணம் என்று ஒரு வாரம் அரை மணி நேரமும் பேசினேன். எந்தக் கட்சிக்காரரும் மறுத்துப் பேசவில்லை. தெருவில் ஒருவரும் என்னிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. இது பயம் இல்லாமல் வேறென்ன? நாலாவது வாரத்திலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே மளிகைக் கடைக்குப் போனேன். வீட்டுக்குத் தினம் ஒரு வழியாகத் திரும்பினேன். (வீட்டுக்கு இருப்பதே இரண்டு வழி.)

பயப்படாதவர் ஒரே ஒருவர். நேரலைக்கு வாராவாரம் போன் செய்வார்.

“யாரு பேசுறீங்க?”

“பேரெல்லாம் எதுக்குங்க. நேயர்னு வச்சுக்கங்க. நீங்க பேசுறது சுத்தப் பேத்தல். பெரம்பலூர் ஆபீசுக்கு ஒரு கையெழுத்துக்காக நாங்க எத்தினி நாளு அலைஞ்சோம் தெரியுமா? இப்பதான் கலெக்டரு பக்கத்துல ஒக்காந்துருக்காரு. அது பொறுக்கலியா ஒங்களுக்கு?”

ஞாயிற்றுக்கிழமை அவரோடு பத்து நிமிடம் சண்டை போடுவேன். திங்கள் முதல் சனி வரை அவருக்கான பதிலைத் தனியாக வீட்டில், சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். அந்த வீட்டில் வேறு பேச்சு கிடையாது.

பதினோராவது வாரம் அறிவித்தேன். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, பஸ் ஸ்டாண்டு எதிரில், மாவட்ட இணைப்பு மாநாடு. ‘அணி திரண்டு வாரீர்’ என்று கையை வேறு உயர்த்தினேன். போலீசில் அனுமதி வாங்கினேன். பந்தல் போட்டு, நூறு பிளாஸ்டிக் நாற்காலி இறக்கி, இரண்டு குழாய் ஒலிபெருக்கியையும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக் கட்டச் சொன்னேன். தமிழரசிக்குப் போன் செய்து, முதல் வரிசையில் அவளுக்கு இடம் போட்டிருப்பதாகச் சொன்னேன்.

“பாக்கலாம்” என்றாள். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். தெரியாதது போல வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு பத்து மணிக்குப் பந்தலில் நான் இருந்தேன். மைக் செட்காரர் இருந்தார். ஓரமாக, மஃப்டியில், நோட்டுப் புத்தகத்தோடு தனிப்பிரிவு ஏட்டு ஒருவர் நின்றார். பத்தேகாலுக்கு ஒரு பெரியவர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். முன்னால் இரண்டு வரிசை காலியாக இருக்க, மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார்.

“முன்னாடி வாங்கய்யா” என்றேன்.

“அது வி.ஐ.பி.க்குங்க” என்றார். குரல் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நேயர்.

பதினொன்று ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. குமரேசன் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“சார், ஒரு விசயம். செட்டாப் பாக்ஸ் வந்ததுலேர்ந்து நம்ம சேனலு யாரு வூட்லயும் தெரியிறதில்ல. பழைய வயர்ல மட்டும்தான் போவுது. பழைய வயரு இப்ப ஒரே ஒரு வூட்டுக்குத்தான் இருக்கு. எங்க மாடி வூடு. வூட்டுக்காரரு மாணிக்கம் ஐயா, ரயில்வேல இருந்து ரிட்டயரு ஆனவரு. அதோ ஒக்காந்துருக்காரே.”

பதினோரு வாரமாக என் உச்சந்தலைக்குப் பத்தடி மேலிருந்துதான் அவர் எனக்குப் போன் செய்திருக்கிறார்.

“அப்ப கண்ணீர் அஞ்சலியெல்லாம்?”

“அதெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டுருவேன் சார்.”

“என்கிட்ட ஏங்க சொல்லல?”

“நீங்க கேக்கலியே சார். அதோட, பேசி முடிச்சிட்டு எந்திரிக்கிறப்ப ஒங்க மூஞ்சி அவ்ளோ நல்லாருக்கும். அத எதுக்குக் கெடுக்கணும்னுட்டு...”

அந்த இடத்தில் கூட்டத்தை முடித்திருக்கலாம். புத்தியுள்ளவன் முடித்திருப்பான். நான் மேடையேறி, தொண்ணூற்றொன்பது காலி நாற்காலிகளைப் பார்த்து, “பெருந்திரளாகக் கூடியிருக்கும்” என்று ஆரம்பித்தேன். எழுதி மனப்பாடம் செய்தது, மாற்ற வரவில்லை. இருபது நிமிடம் பேசினேன். முடிவில், நேயர் கருத்துக் கேட்பது என் நிகழ்ச்சியின் மரபு என்பதால், இரண்டாவது மைக்கை மாணிக்கத்திடம் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எவருக்கும் கொடுத்திருக்கக் கூடாத பொருள் அது.

“எல்லாஞ் சரிங்க” என்றார் மாணிக்கம். பஸ் ஸ்டாண்டு முழுக்க அது கேட்டது. “ஒங்க சம்சாரம் எந்த ஊர்ல இருக்காங்க?”

“அது எதுக்குங்க இப்ப?”

“சொல்லுங்களேன்.”

“பெரம்பலூர்.”

“அப்புடிச் சொல்லுங்க. அதுக்குப் போயி ஏங்க ரெண்டு ஜில்லாவ இழுத்துக் கட்டுறீங்க? பஸ்ஸுல ஏறுனா ஒரு மணி நேரம். இதெல்லாம் கலெக்டரு பாக்குற வேலயா?”

பஸ் ஸ்டாண்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. பதினோரு வாரம் நான் ஏங்கிய கூட்டம் ஒரே நிமிடத்தில் கூடிவிட்டது. பூக்கடைப் பெண்மணி எழுந்து நின்று பார்த்தார். புறப்படவிருந்த பெரம்பலூர் பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் கேட்டார், கேலியே இல்லாமல்.

“சார், வரீங்களா? எடம் இருக்கு.”

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் நகர்ந்துகூட உட்கார்ந்தார்கள். நான் ஏறியிருக்கலாம். தமிழரசி இரண்டு வருடமாக மாறுதலுக்கு விண்ணப்பமே போடவில்லை என்பதும், சாப்பாட்டு நேரத்தில் என் சொற்பொழிவு இல்லாத வீடு அவளுக்குப் பிடித்துப்போயிற்று என்பதும் எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் ஏறியிருப்பேன். “அடுத்த வண்டியில வரேங்க” என்றேன், மைக்கை அணைக்காமலே. பஸ் போய்விட்டது.

ஏட்டு அருகில் வந்து நோட்டைப் பிரித்தார். “கூட்டம் எவ்ளோன்னு எழுதணும் சார்” என்றவர், மாணிக்கத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். எட்டிப் பார்த்தேன். ‘சுமார் ஒருவர்.’

“ஒருத்தர்தானேங்க. அதுல என்ன சுமார்?”

“சுமார்னு போடாட்டி மேல ஒத்துக்க மாட்டாங்க சார்.”

நாற்காலிகளை நானும் மாணிக்கமும் அடுக்கினோம். அடுக்கும்போதும் அவர் அரியலூர் தனி மாவட்டமாகவே இருக்க வேண்டிய காரணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று பதில் வராதது அவருக்கும் ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும். “அடுத்த வாரம் மேல வந்துருங்க. எதுக்கு போனப் போட்டுக்கிட்டு” என்றார்.

சாயங்காலம் தமிழரசியைக் கூப்பிட்டேன். ஏன் வரவில்லை என்று சண்டை போடத்தான் கூப்பிட்டேன். ஆனால் நடந்ததை அப்படியே சொல்லிக்கொண்டு போனேன். கண்டக்டர் கூப்பிட்ட இடத்தில் “ம், அப்புறம்” என்றாள். ஏட்டிடம் வந்தபோது, “இருங்க, யாழினிய கூப்புடுறேன். மொதல்லேர்ந்து சொல்லுங்க” என்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என் பேச்சை யாரும் மொதல்லேர்ந்து கேட்டதில்லை. இரண்டு பேரும் சிரித்ததில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இன்றும் மாவட்டங்கள் இரண்டாகவே இருக்கின்றன. தமிழரசி பெரம்பலூரில், நான் அரியலூரில். உறவில் எந்த விசேஷம் வந்தாலும் எத்தனை பேர் வருவார்கள் என்ற கேள்விக்கு, அங்கே இருப்பவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டே ‘சுமார்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். யாழினி மட்டும் தினம் சாயங்காலம் போன் செய்கிறாள்.

“என்னப்பா, வூட்ல இன்னிக்குக் கூட்டம் எவ்ளோ?”

“சுமார் ஒருத்தர்” என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில், மாணிக்கத்தின் மாடி வீட்டிலிருந்து, “சுமார் ரெண்டு.”