மரியாதையான கடை

"என்னங்க, என் மோதிரத்தைக் குடுங்க. விரல் வீக்கம் வத்திப் போச்சு" என்று மனைவி வந்து நின்றபோது டைல்ஸ் மேஸ்திரி பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

வாய் நிறைய நுரை. அதனால் பதில் சொல்ல வேண்டியதில்லை. இதுவும் நல்ல ஏற்பாடாகத்தான் இருக்கிறது என்று அவர் துலக்கிக்கொண்டே இருந்தார். ஈறு எரிய ஆரம்பித்தது. மனைவி நகரவில்லை.

"பல்லு இன்னும் இருக்கா, இல்ல அதையும் தொலைச்சாச்சா?"

மேஸ்திரி கொப்பளித்துத் துப்பினார். "மோதிரம் பத்திரமா இருக்கு" என்றார்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவ்வளவு பத்திரமாக வேறு எந்த மோதிரமும் இருக்க முடியாது. அது யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில், டைல்ஸுக்கு அடியில், சிமென்டுக்குள் இருந்தது.

குளவி கொட்டி மனைவியின் விரல் வீங்கியபோது, சோப்புப் போட்டு இழுத்துக் கழற்றி, "பீரோவுல வைங்க" என்று அவர் கையில் கொடுத்தாள். அவர் சட்டைப் பையில் வைத்தார். அதே சட்டையோடு வேலைக்குப் போனார். குனிந்து கலவை குழைத்தார். குனிந்து பரப்பினார். குனிந்தே ஒட்டினார். சாயங்காலம் நிமிர்ந்தபோது பை காலி. தரை மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "என் ஆயுசுக்கும் இந்தத் தரையைத் தொட வேண்டியதில்லை மேஸ்திரி" என்று மனம் குளிர்ந்து சொன்னார். மேஸ்திரிக்கு அழுகையே வந்துவிட்டது. பாராட்டினால் கண்கலங்குகிற மனிதர் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

அந்தக் குடும்பத்தில் தொலைப்பது மேஸ்திரியின் இலாகா. குடை, டிபன் பாக்ஸ், மூக்குக்கண்ணாடி, ஒருமுறை சைக்கிள். "இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து நான் ஒரு குண்டூசி தொலைச்சிருக்கேனா?" என்பது மனைவி வழக்கமாகக் கேட்கும் கேள்வி.

இந்த மோதிரமோ கல்யாணத்துக்காக அவர் தன் கூலியில் வாங்கிப் போட்டது. ரெண்டு குட்டி இலைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். போய்விட்டது என்று தெரிந்தால் அவள் கத்தமாட்டாள். கத்தினால் தேவலையே! பேசாமல் இருந்துவிடுவாள். சைக்கிளுக்கே ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசவில்லை. சைக்கிளுக்கே அப்படியென்றால்!

"பாலிஷ் போடக் குடுத்திருக்கேன்" என்றார்.

"பாலிஷ் போடுங்கன்னு யாரு கேட்டா?"

"ஒரு சந்தோஷத்துக்குத்தான்."

"எந்தக் கடையில?" அவள் குரல் சட்டென்று ஏறியது.

"நல்ல கடைதான்."

இப்படியாக, ஒரு நல்ல கடையைத் தேடிப் பிடித்து, அச்சு அசலாக அதே மாதிரி ஒரு மோதிரம் செய்ய வேண்டியதாயிற்று.

முதலில் மார்க்கெட் சந்தில் நகை செய்யும் பத்தரிடம் போனார். கடையா அது? பீரோவுக்குக் கதவு வைத்த மாதிரி ஒரு அறை. உட்கார ஒரே ஒரு ஸ்டூல். அதிலும் பூனை படுத்திருந்தது. மேஸ்திரி பழக்கதோஷத்தில் தரையைக் குதிகாலால் தட்டிப் பார்த்தார். வாசலோரத்து டைல்ஸ் 'டொக்' என்றது. அடியில் கலவையே இல்லை.

பத்தர் ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு வேலையில் குனிந்திருந்தார். மூலையில் அவர் மனைவி மணி கோத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மாதிரி ஒரு மோதிரம் வேணும்." மேஸ்திரி தானே வரைந்த படத்தை நீட்டினார்.

பத்தர் படத்தைப் பார்த்தார். பிறகு லென்ஸைக் கழற்றாமலே மேஸ்திரியைப் பார்த்தார். "யாருக்கு?"

"என் சம்சாரத்துக்கு."

பத்தரின் மனைவி எட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். "நீ சும்மா இரு" என்று அவளை அதட்டினார் பத்தர். "பழைய மோதிரம் எங்கே?"

"அது உங்களுக்கு எதுக்குங்க?"

"போட்டிருந்தவங்களைக் கூட்டிட்டு வாங்க."

"அவளுக்குத் தெரியாம செய்யணும்."

"அப்ப செய்ய மாட்டேன். போயிட்டு வாங்க."

மேஸ்திரிக்கு உச்சந்தலை சூடேறியது. படத்தைப் பார்த்து ஒருத்தி சிரிக்கிறாள். ஒருத்தர் வெளியே போ என்கிறார். பூனைகூட எழுந்து இடம் கொடுக்கவில்லை. செய்கிற வேலை எப்படி இருந்தால் என்ன, வருகிற மனுஷனுக்கு மரியாதை கொடுக்கிற கடையில்தான் இந்தக் காரியத்தைச் செய்வது என்று அங்கேயே முடிவு செய்தார்.

அப்படிப்பட்ட கடை பெரிய தெருவில் இருந்தது. கதவு தானாகத் திறந்தது.

"வாங்க சார்!" என்றாள் ஒரு பெண்.

எந்த சாரைக் கூப்பிடுகிறாள் என்று மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. மெத்தை வைத்த நாற்காலி போட்டார்கள். பின்பக்கத்துச் சிமென்டைத் தட்டிவிட்டு, பாதி நாற்காலியில் உட்கார்ந்தார். குளிர்ந்த பழச்சாறு வந்தது. குதிகாலால் தரையைத் தட்டினார். கெட்டி. இதுதான் கடை!

"பழசு மாதிரியே இருக்கணும்மா."

"கண்டிப்பா சார்."

"தேஞ்ச மாதிரி தெரியணும்."

"கண்டிப்பா சார்."

"சீக்கிரம் வேணும்."

"கண்டிப்பா சார்."

கூடவே ஒரு பசுமாடு கேட்டிருந்தாலும் கண்டிப்பா சார் என்றிருப்பாள். மேஸ்திரி கல்யாண போட்டோவையும், வீட்டு விலாசத்தையும், போன் நம்பரையும் கொடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

மறுநாள் குளித்துவிட்டு வந்தால், மனைவி கையில் அவருடைய போன்.

"யாரோ ஒரு பொண்ணு பேசினா. எங்க கவனிப்புல சாருக்குத் திருப்தியான்னு கேக்கறா."

"டைல்ஸ் கம்பெனியா இருக்கும்."

"டைல்ஸ் கம்பெனிக்காரி எதுக்குங்க 'சார் அடிக்கடி வந்துட்டுப் போகணும்'னு கொஞ்சறா?"

மேஸ்திரி ஈரத் தலையோடு கடைக்கு ஓடினார். மன்னிப்பாக ரெண்டு கிளாஸ் பழச்சாறு கொடுத்தார்கள். மோதிரமும் தயாராக இருந்தது. அதில் மூன்று இலைகள்.

"என்னம்மா இது? ரெண்டு இலைதானே!"

"போட்டோவில மூணு இருக்கு சார்."

"நிழல் விழுந்திருக்கும். தினம் பாக்கறவன் எனக்குத் தெரியாதா? ரெண்டுதான்."

"கண்டிப்பா சார்."

அடுத்த தடவை ரெண்டு இலைதான் இருந்தது. ஆனால் நடுவில் மூன்று கல். "எங்க அன்பளிப்பு சார்!" தெருமுனையிலிருந்து பார்த்தாலே கண் கூசும். கல்லை எடுக்கச் சொன்னார். கண்டிப்பா சார். எடுத்தார்கள். கல் இருந்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி. போட்டுப் பார்த்தால் மேஸ்திரியின் கட்டைவிரலுக்கே தொளதொள. அலைச்சலுக்கு வருந்தி அந்தப் பெண் கண்கலங்கிவிட்டாள். "உங்க வீட்டுக்கு எங்க சார்பா ஒரு சின்னப் பரிசு அனுப்பியிருக்கோம் சார்."

"வீட்டுக்கா!"

அவர் ஓடி வருவதற்குள் பரிசு முந்திக்கொண்டது. கல்யாண போட்டோவை ஜன்னல் அளவுக்குப் பெரிதாக்கி, சட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். படத்தில் மனைவியின் கை மட்டுமே வாஷ்பேசின் பெரிதுக்கு இருந்தது. அதன் முன்னால் மனைவி முகம் வெளுத்து நின்றாள்.

"இதை எதுக்கு இப்பப் பெருசாக்கினீங்க?"

"ஒரு சந்தோஷத்துக்கு..."

"ஹால்ல மாட்ட வேணாம். கண்ணு பட்டுடும்." படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பீரோவுக்குப் பின்னால் சொருகினாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மோதிரத்தைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

சைக்கிள் காலத்து மௌனம் ஆரம்பித்துவிட்டது என்று மேஸ்திரிக்குப் புரிந்தது. இனி மரியாதையைப் பார்த்தால் ஆகாது. மறுபடியும் மார்க்கெட் சந்துக்குப் போனார். ஸ்டூலில் பூனை இருந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: குளவி, சட்டைப் பை, கலவை, தரை.

பத்தர் நிமிர்ந்தார். "அப்ப, தொலைச்சது நீங்களா?"

"ஆமாங்க."

"குளியலறைக்கு அடியில?"

"ஆமாங்க."

"நீங்களே ஒட்டினதா?"

"நானேதாங்க."

பத்தருக்குத் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு குலுங்கியது. கண்ணிலிருந்து லென்ஸ் கழன்று மடியில் விழுந்தது. பூனை பயந்து ஓடியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்றார்.

"அளவு?"

"வேணாம்."

"போட்டோ வேணுமா?"

"அதுவும் வேணாம். போயிட்டு வாங்க."

மறுநாள் கிடைத்த மோதிரத்தை மேஸ்திரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரெண்டே இலை. ஓரம் தேய்ந்திருந்தது. மனைவி விரலில் போட்டதும் வழுக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெரிய மூச்சு ஒன்று விட்டாள். "பரவாயில்லையே, தொலைக்காம கொண்டாந்து சேத்துட்டீங்களே!" என்று சிரித்தாள். அன்று சாயங்காலம் முழுக்க அவள் பேச்சை நிறுத்தவே இல்லை. மேஸ்திரி அத்தனைக்கும் 'ம்' கொட்டினார்.

மனது கேட்காமல், அடுத்த லீவு நாளில் பத்தர் கடைக்குக் கலவைக் கரண்டியோடு போனார். வாசலோரத்து டைல்ஸைப் பெயர்த்து, அடியில் கலவை நிரப்பிப் புதிதாக ஒட்டினார். ஒட்டுவதற்கு முன்னால் சட்டைப் பையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் புரியலைங்க" என்றார். "அளவு கேக்கல, போட்டோ பாக்கல. எப்படிங்க அச்சு அசலா வந்துச்சு?"

"வேலையைப் பாருங்க" என்றார் பத்தர், லென்ஸை மாட்டிக்கொண்டு.

மூலையில் மணி கோத்துக்கொண்டிருந்த பத்தரின் மனைவிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அட நீங்க வேற தம்பி, உங்க வீட்டம்மா கல்யாண மோதிரத்தைத் தொலைச்சுட்டு இதே இடத்துல நின்னு அழுதப்பவும் இவருதானே செஞ்சு குடுத்தாரு; அன்னைக்கு அவங்க கொண்டாந்த தங்கம் மூணாவது இலைக்குப் பத்தல!"