ஞாபகத்துக்கு ஓர் உறை

"டைரி முடிவாயிடுச்சு. உறை எது வேணும், சொல்லுங்க சார்," என்றார் கடைக்காரர்.

டைரியை முடிவு செய்யவே, வாங்க வந்த பல் கிளினிக் ஸ்டோர்காரருக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிருந்தது. கண்ணாடி மேசைக்குள் டிஜிட்டல் டைரிகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. ஒன்று உலகத்தின் எல்லா ஊர்களிலும் மணி என்ன என்று சொன்னது. இன்னொன்று குச்சியால் குத்தினால்தான் வாயைத் திறந்தது. அவர் கேட்டது அதெல்லாம் இல்லை. உள்ளங்கைக்குள் ஒளிய வேண்டும், பேரைத் தட்டினால் ஆளைப் பற்றிய விவரம் வர வேண்டும், மூச்சு விடக் கூடாது.

"அலாரம் அடிச்சாதானே சார் இதுக்கு மரியாதை?"

"அடிச்சா என் மரியாதை போயிடும்."

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "யாருக்கும் தெரியக் கூடாதா? வீட்லயா, ஆபீஸ்லயா?"

"ஆபீஸ்ல."

"அப்பாடா," என்றார் கடைக்காரர். "அப்ப தோல் உறையே போதும். இடுப்புல மாட்டிக்கலாம். டைரி உடைஞ்சாலும் உறை உடையாது."

ஸ்டோர்காரர் அந்தக் கிளினிக்கில் பஞ்சு, கையுறை, பல் அச்சு எடுக்கிற மாவு எல்லாவற்றையும் பின்கட்டு அறையில் வைத்துக் காப்பவர். திங்கட்கிழமை முதல் அவர் முன்னால் வரவேற்பில் வந்து உட்கார வேண்டும். அதுவும் யார் நாற்காலியில்? அக்காவின் நாற்காலியில்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கதவைத் திறந்து ஒருவர் தலையை நீட்டினால் போதும். "வாங்க, இடது பக்கம் மெல்ல முடியுதா இப்ப? பையன் நீச்சல்ல ஜெயிச்சானா?" என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவர் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்ததையே மறந்து நீச்சல் கதையைச் சொல்லத் தொடங்குவார். ஒரே ஒரு தடவை வந்து போனவருடைய மாமியார் உடம்புகூட அக்காவுக்கு அத்துப்படி. பல்லைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள், வீட்டில் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்ததாகத்தான் சொல்வார்கள். அப்படி ஒரு மனுஷியை எதிரில் வைத்துக்கொண்டு வேலை செய்வதே ஒரு பாக்கியம் என்று ஸ்டோர்காரர் மனதார நம்பினார்.

டாக்டருக்கும் அதில் அபாரப் பெருமை. வரவேற்பு மேசையில் புத்தகம், காகிதம், கம்ப்யூட்டர் எதுவும் இருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். யாருக்கு எத்தனை மணி என்பதெல்லாம் உள்ளே அவர் அறைப் பலகையில் இருக்கும். "குனிஞ்சு தேடி எடுத்துக் குடுக்கற அன்பு, அன்பே இல்ல," என்பார்.

இப்போது டாக்டர் இன்னொரு கிளினிக் திறக்கிறார். அக்கா அங்கே போகிறார். இங்கே ஸ்டோர்காரர். ஒரு வாரம் அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பழக வேண்டும். சனிக்கிழமை தனியாக நாற்காலியில் உட்கார்ந்து காட்ட வேண்டும். தேறாவிட்டால் மறுபடியும் பஞ்சுக்கும் அச்சு மாவுக்கும் நடுவில்தான் வாழ்க்கை.

வீட்டில் மனைவி அதற்குள் தன் அக்கா, தங்கை, அண்ணி எல்லோருக்கும் போன் போட்டாயிற்று. "இனிமே அவர் முன்னாடி உட்காருவார்," என்று சொல்லும்போது அவள் குரலில் இருந்த குழைவைக் கேட்டபிறகு ஸ்டோர்காரருக்குத் தூக்கம் போய்விட்டது. அவருக்கோ சொந்த மைத்துனன் பிள்ளைகளின் பேரே முன்பின்னாக வரும். அக்கா பேசுவதையெல்லாம் காதில் வாங்கி, ஸ்டோருக்குள் ஓடிப் போய் டைரியில் தட்டிவைத்துக்கொண்டால் ஒழிய வேறு வழியில்லை.

தோல் உறை முதல் நாளே காலை வாரியது. அதன் மூடியில் ஒட்டிப் பிரிக்கிற பட்டை. அமைதியாக இருந்த கூடத்தில் அவர் மெல்லப் பிரித்தார். பர்ர்ர் என்றது. பல்வலியோடு உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் அவர் இடுப்பைப் பார்த்தார்கள்.

"தம்பி, எழுந்துக்காத. அப்படியே பின்னாடி நகர்ந்து போயிடு. ஸ்டோர்ல ஊசி நூல் இருக்கு," என்றார் அக்கா.

மறுநாள் அவர் டைரியை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். சத்தமில்லாமல் திறந்தது, சத்தமில்லாமல் மூடியது. யாராவது வந்தால் கூட்டைத் திறந்து ஒரு பார்வை, மூடிவிட்டு ஒரு குசலம். நன்றாகத்தான் போனது. ஆனால் கூட்டைத் திறக்கிறாரே தவிர, கண்ணாடியை எடுத்துப் போடுவதில்லை.

ஓர் அம்மாள் டாக்டரிடம் சொல்லிவிட்டார். "பாவம், கண்ணு மங்கல் போல. போட்டுக்க வெக்கப்படறார்."

டாக்டர் தங்கமான மனிதர். உடனே தன் நண்பரான கண் டாக்டரிடம் அனுப்பினார். அவர் பார்த்துவிட்டு, "கண்ணுல ஒண்ணும் இல்லையே," என்றார். இருந்தாலும் நண்பர் அனுப்பிய ஆளை வெறும் மூக்கோடு திருப்பி அனுப்ப மனமில்லாமல் ஒரு சாதாரணக் கண்ணாடியை எழுதிக் கொடுத்தார்.

"ஆபீசர் மாதிரி இருக்கீங்க," என்றாள் மனைவி. அண்ணிக்கு இன்னொரு போன் போயிற்று.

இப்போது கண்ணாடி மூக்கில். ஆனாலும் ஆள் வந்ததும் கூட்டைத் திறந்து உள்ளே பார்ப்பது நிற்கவில்லை.

"சார், நீங்க தேடறது மூக்கு மேலயே இருக்கு," என்று ஒரு கல்லூரி மாணவி மெதுவாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு டாக்டர் அவர் கண்ணை விட்டுவிட்டுத் தலையைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார். அக்காதான், "புது இடம் டாக்டர், பதற்றம் இருக்கும். நல்லா வருவான்," என்று சமாளித்தார். அந்தப் பெருந்தன்மைக்கு ஸ்டோர்காரர் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

வெள்ளிக்கிழமை ஸ்டோரில் உட்கார்ந்து யோசித்தபோது அவருக்கு வழி தெரிந்தது. கண்ணெதிரே அலமாரி நிறைய நீல நிறப் பல் செட் டப்பாக்கள். பல் கிளினிக்கில் பல் டப்பாவை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? டைரி அதற்குள் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. இதைவிட நல்ல உறை உலகத்தில் கிடையாது என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

சனிக்கிழமை நாற்காலியில் அவர். எதிர் சோபாவில் விருந்தாளி மாதிரி அக்கா. டாக்டர் அறைக் கதவைப் பாதி திறந்தே வைத்திருந்தார்.

காலையில் ஸ்டோர்காரர் ஜமாய்த்தார். மேசை இழுப்பறையைக் கொஞ்சம் இழுப்பது, டப்பாவின் மூடியை விரலால் தூக்குவது, நிமிர்ந்து சிரிப்பது. "வாங்க, வீட்டுக்கு வெள்ளை அடிச்சு முடிஞ்சுதா?" வந்தவர் பூரித்துப் போனார். டாக்டரின் தலை கதவிடுக்கில் தெரிந்து, திருப்தியாக மறைந்தது.

பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி வந்தார். ரிப்பேருக்குக் கொடுத்த பல் செட்டை வாங்க வந்திருந்தார். ஸ்டோர்காரர் இழுப்பறையிலிருந்து நீல டப்பாவை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"போட்டுப் பார்க்கலையா ஐயா?"

"சாயங்காலம் பேத்தியோட நாடகம். அங்க போறப்ப போட்டுக்கறேன். இப்பவே போட்டா பசிக்கும்," என்று டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து ஒரு பெண் உள்ளே நுழைந்தாள். ஸ்டோர்காரர் இழுப்பறையை இழுத்தார், மூடியைத் தூக்கினார். மேல் வரிசையும் கீழ் வரிசையுமாக முழு செட் அவரைப் பார்த்துச் சிரித்தது.

ஸ்டோர்காரர் நீதிபதியின் வீட்டுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் எதிரில் நின்றுகொண்டே இருந்தாள். கதவிடுக்கில் டாக்டர்.

"உங்க... உங்க வீட்டுக்காரர் முழங்கால் தேவலையா?"

"எனக்குக் கல்யாணமே ஆகலையே."

சோபாவில் அக்கா கைப்பைக்குள் தலையை விட்டுக் கைக்குட்டையைத் தேடி எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டே, "பக்கத்து வீட்டுக்காரரைக் கேக்கறான்மா. உங்ககிட்ட சாவியக் குடுத்துட்டு ஆபரேஷனுக்குப் போனாரே," என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அதெல்லாமா ஞாபகம் வச்சிருக்கீங்க?"

அடுத்தவரிடம் ஸ்டோர்காரர், "நாய்க்குட்டி நல்லா சாப்பிடுதா?" என்று கேட்டார். அந்த மனிதர் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்.

"நாய் துரத்தித்தானே உங்க முன்பல்லு போச்சு," என்றார் அக்கா, கைக்குட்டையை மடித்தபடி. "அந்த நாய் இன்னும் தெருவுல இருக்கான்னு விசாரிக்கறான்."

என்ன ஒரு மூளை. ஸ்டோர்காரருக்குத் தன்மேல் வந்த வெட்கத்தைவிட அக்காமேல் வந்த மரியாதைதான் பெரிதாக இருந்தது. இப்படி ஒருவர் உட்கார்ந்த இடத்தில் தான் உட்கார ஆசைப்பட்டதே தப்பு என்று பட்டது. மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. அது ஒன்று மட்டும் பிசகாமல் வந்தது.

சாயங்காலம் கூடம் காலியானதும் அவரே எழுந்து டாக்டர் முன்னால் போய் நின்றார். "டாக்டர், என்னால முடியாது. காலையில நான் பேசினது எதுவும் என் மண்டையில இருந்து வரல. ஒரு டிஜிட்டல் டைரி வாங்கி, பல் டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். அது கை மாறிப் போச்சு."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "மெஷினா? நம்ம மேசையிலயா?"

"தப்புதான் டாக்டர்."

"இவங்களைப் பாருப்பா," என்று அக்காவைக் காட்டினார் டாக்டர். குரல் தழுதழுத்தது. "இத்தனை வருஷத்துல ஒரு துண்டுக் காகிதம் பார்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பாங்களா? அத்தனையும் மனசுல இருந்து வந்தது. நீ திங்கட்கிழமை ஸ்டோருக்கே போயிடு."

அக்காவுக்கு முகம் வேர்த்திருந்தது. "டாக்டர், அவன் நல்லாத்தான் பேசினான். மெஷின்ல இருந்தா என்ன, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமே."

"நீங்க பெரிய மனசுல சொல்றீங்க. உங்க தலையில இருக்கறதை எந்த டப்பாவுலயும் அடைக்க முடியாது அக்கா."

ஸ்டோர்காரர் தலையாட்டினார். அதில் அவருக்கும் சந்தேகமில்லை. கண்ணாடியைக் கழற்றி அதன் கூட்டில் வைத்துக்கொண்டு ஸ்டோர் பக்கம் திரும்பினார்.

அப்போது வாசல் கதவு திறந்தது. நீதிபதி வெறும் வாயோடு உள்ளே வந்தார். கையில் நீல டப்பா. ஸ்டோர்காரர் பதறிப்போய் இரண்டு கையையும் நீட்டினார். நீதிபதி அவரைத் தாண்டி, டாக்டரையும் தாண்டி, நேராக அக்காவிடம் போய் டப்பாவை நீட்டினார்.

"இந்தாம்மா, போன வருஷம் மாதிரியே உன் டைரி மறுபடியும் எங்கிட்ட வந்துடுச்சு, என் பல்லைக் குடு, நாடகத்துக்கு நேரமாச்சு."