நாற்பத்திரண்டு பொறுப்பாளர்களும் ஒரு நீராவி ரயிலும்

நீராவி ரயிலை ஓட்ட நெருப்பும் தண்ணீரும் வேண்டும் என்று உலகம் இருநூறு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறது. ஒரு கமிட்டி இருந்தாலே போதும் என்று கண்டுபிடித்த பெருமை, நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் இயங்கும் எங்கள் தமிழர் நீராவி ரயில் கழகத்தையே சேரும். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, என் கண்ணுகளா. கழகத்தின் சிற்றுண்டிப் பிரிவு இணைச் செயலாளர் என்ற முறையில் கடமையாகச் சொல்கிறேன்.

ஊருக்கு வெளியே டாரதி என்ற எண்பது வயது அம்மாளுக்கு ஒரு பண்ணை இருக்கிறது. அவருடைய கணவர் உயிரோடு இருந்த நாளில் ஆசையாகப் போட்ட குட்டி ரயில் பாதை அதற்குள் ஓடுகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டே அடி இடைவெளி. அரை மைல் வட்டம், ஒரு நீராவி எஞ்சின், இரண்டு பெட்டிகள். அவர் போன பிறகு எஞ்சின் இருபது வருடம் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. குடும்பத்தோடு ஆப்பிள் பறிக்கப் போன கஸ்தூரிரங்கன் அதைப் பார்த்தார். சாதாரண மனிதராயிருந்தால் எண்ணெய் விட்டிருப்பார். அவர் அங்கேயே ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தார். கழகம் பிறந்தது. அவர் தலைவரானார். கலாசாரச் செயலாளர் பதவிக்கு அவர் மனைவி ஸ்வர்ணா கடும் போட்டியின்றித் தேர்வானார்.

அடுத்த மூன்று வருடத்தில் கழகம் ஆற்றிய பணிகள் பிரமிக்கத்தக்கவை. எஞ்சினுக்குப் பெயர் வைக்கப் பதினோரு வாரம் ஆனது. ‘பொன்னி’ அணியும் ‘வைகை’ அணியும் பேசாமல் இருந்து, பிறகு பேசி, கடைசியில் ‘பொன்னிவைகை’ என்று சமாதானம் ஆனார்கள். சனிக்கிழமைதோறும் ‘ஸ்டாண்டப்’ மீட்டிங் நடந்தது. நின்றுகொண்டே பேசும் கூட்டம் என்பதால் நாற்காலி போடத் தனிக் குழு இருந்தது. ‘டேஷ்போர்டு’ என்று வேலை நிலவரக் கட்டங்கள் கொண்ட ஒன்றைத் திரையில் காட்டுவார்கள். அதில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருக்கும். எஞ்சினில் துரு இருந்தது உண்மைதான். டேஷ்போர்டில் ஒரு துளி கிடையாது.

மாரிசாமி என்று கோவில்பட்டிக்காரர் ஒருவரும் உறுப்பினர். வாரநாளில் கம்ப்யூட்டர் வேலை. அவருக்குப் பதவி எதுவும் இல்லை. தேர்தல் நடந்த அன்று எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்ததால் மனு கொடுக்கத் தவறிவிட்டார். பாய்லரின் அறுபத்திரண்டு குழாய்களையும் மாற்றினார். பாய்லர் ஓட்டும் லைசென்ஸுக்குப் படித்துப் பாஸ் பண்ணினார். இவற்றைக் கழகம் ‘இதர பணிகள்’ என்ற தலைப்பில் பெருந்தன்மையோடு பதிவு செய்திருக்கிறது.

இப்படிச் சிறப்பாகப் போய்க்கொண்டிருந்தபோது டாரதி அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. அக்டோபர் கடைசி சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் ரயில் அவரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போக வேண்டும். போனால் நிலத்துக்குப் பத்து வருடக் குத்தகை. போகாவிட்டால் நிலம் கிடங்கு கட்டுகிறவருக்கு, எஞ்சின் பழைய இரும்புக்கு.

உடனே திறப்பு விழாக் கூட்டம் கூடியது. சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை ராகு காலம், ஒன்றரை முதல் மூன்று எமகண்டம், பத்தரை முதல் பதினொன்றரை கௌரி நல்ல நேரம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும் டேலைட் சேவிங்கை ராகு பின்பற்றுவாரா என்று மூவர் குழு ஒன்று ஆராய்ந்து, பின்பற்றுவார் என்று அறிக்கை கொடுத்தது. முதன்மை விருந்தினராகச் சிறுநீரக மருத்துவர் சுஹாஸ் தேர்வானார். தண்ணீர், அழுத்தம் இரண்டிலும் அவர் நிபுணர்.

மாரிசாமி கையைத் தூக்கினார். “சார், தீ மூட்டுனா ஸ்டீம் வர அஞ்சு மணி நேரம் ஆகும். காலையில ஆறு மணிக்கே மூட்டிரணும்.”

ஸ்வர்ணா திடுக்கிட்டார். “அப்போ சீஃப் கெஸ்ட் வந்து எதைப் பத்த வைப்பார்?”

“குத்துவிளக்கப் பத்த வைக்கட்டும், மேடம்.”

“விளக்கு ப்ரேயருக்கு. இது இனாகுரேஷன். ஏற்கெனவே எரிஞ்சுண்டிருக்கற அடுப்பை அவர் எப்படித் திறந்து வைக்க முடியும்? அவர் மூஞ்சில அடிக்கற மாதிரி இருக்காதா?”

“நல்ல நேரத்துல தொடங்கினாதான் சார் தொடக்கம்,” என்று தலைவர் விளக்கினார். “பத்தரைக்கு மூட்டறோம். மூன்றரைக்கு ஸ்டீம். டெட்லைன் நாலு. அரை மணி பஃபர் இருக்கு.”

“பேச்சாளர் எத்தனை பேரு சார்?”

“ஒன்பது பேர். தலைக்கு அஞ்சே நிமிஷம்.”

மாரிசாமி சுவரைப் பார்த்தார். அங்கேயும் டேஷ்போர்டு பச்சையாக இருந்தது.

விழா நாள் இனிதே விடிந்தது. நேரத்தை மதிக்கும் எங்கள் வழக்கப்படி பத்தரைக்குத் தொடங்க வேண்டிய விழா, மைக் கிடைக்காமல் பதினொன்றுக்கே தொடங்கிவிட்டது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை. ‘பொன்னி’ அணியினர் ஒரு பொன்னாடை குறைகிறது என்றார்கள். கஸ்தூரிரங்கனின் மகள் அனன்யா, “அப்பா, வென் டஸ் த ட்ரெய்ன் கோ?” என்று மூன்று முறை கேட்டு மூன்று முறை முறைக்கப்பட்டாள். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு டாக்டர் சுஹாஸ் கொட்டகைக்கு வந்து, நின்றுகொண்டிருந்த எஞ்சினுக்குள் எரியும் துணியைப் போட்டார். பலத்த கைதட்டல். நல்ல நேரம் முடிந்து இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்ததை நாகரிகம் கருதி யாரும் சொல்லவில்லை.

மூன்று நாற்பதுக்கு அழுத்தமானியின் முள் முப்பதில் நின்றது. நூறு வேண்டும்.

“கொஞ்சம் வேகமா கொதிக்க வைக்க முடியாதா?” என்றார் ஸ்வர்ணா.

“இது இன்ஸ்டன்ட் பாட் குக்கர் இல்ல மேடம்,” என்றார் மாரிசாமி.

நெருக்கடியில்தான் தலைமை தெரியும். கஸ்தூரிரங்கன் கடிதத்தை எடுத்துப் படித்தார். “ட்ரெய்ன் மூவ் ஆகணும்னுதான் போட்டிருக்காங்க. ஸ்டீம்ங்கற வேர்டே இல்ல.”

நாற்பத்திரண்டு பொறுப்பாளர்களும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்கள், சேலையைச் செருகிக்கொண்டார்கள். எஞ்சினைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு, டாரதி அம்மாளை ஒரு பெட்டியில் உட்கார வைத்து, அரை மைலும் தள்ளினார்கள். டாக்டர் சுஹாஸ் கொடியசைத்தார்.

இறங்கியதும் அந்த அம்மாள் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். “மூன்று வருடத்தில் நீங்கள் எல்லோரும் இதைத் தொட்டு நான் பார்ப்பது இன்றுதான்.”

“மேடம் நம்மளை அப்ரிஷியேட் பண்றாங்க,” என்றார் தலைவர். எல்லோரும் கைதட்டினார்கள். டாரதி அம்மாள் குத்தகைத் தாளைக் கையெழுத்துப் போடாமல் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். அதை ‘ஃபாலோ அப்’ பண்ணிக்கொள்ளலாம் என்று தீர்மானித்து, வெற்றி விருந்துக்காகக் கழகம் இந்திய ஹோட்டல்கள் நிறைந்த ஐசலினுக்குக் கார்களில் புறப்பட்டது.

கேசரிப் பாத்திரங்களை எடுத்துவைக்க நான் பின்தங்கினேன். மாரிசாமி அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

“கிளம்பலையா தம்பி?”

“தீயை விட்டுட்டுப் போகக் கூடாது ஆன்ட்டி. ரூல்.”

“அணைச்சிட்டு வா. விருந்து ஆறிடும்.”

“முள்ளு நூறைத் தொடுறத ஒரு தடவை பாத்துட்டு அணைச்சிர்றேன். இன்னமே பாக்கவா போறேன்.” கைகளைத் துணியில் துடைத்தார். “அடுத்த சனிக்கிழம எங்க போறதுன்னே தெரியல ஆன்ட்டி.”

நான் ஒரு கிண்ணத்தில் கேசரி வைத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும் என்னால்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு முள் நூறைத் தொட்டது. அவர் விசில் கயிற்றை இழுத்தார். பண்ணைக் குதிரைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. டாரதி அம்மாள் ஸ்வெட்டரில் ஒரு கை மட்டும் நுழைத்தபடி ஓடி வந்தார்.

“நாலு மணி தாண்டிடுச்சு,” என்றார் மாரிசாமி ஆங்கிலத்தில்.

“நாலு மணி என்று அவர்களுக்கு எழுதினேன்,” என்றார் அந்த அம்மாள். “உனக்கு நான் எதுவும் எழுதவில்லையே.” மாரிசாமி பெட்டியை எஞ்சினில் கோத்ததும் ஏறி உட்கார்ந்துகொண்டார். உண்மையை மறைப்பானேன், நானும் ஏறினேன். இரண்டு சுற்றுப் போனோம். டாரதி அம்மாள் வழி முழுக்க யாருக்கோ கையசைத்துக்கொண்டே வந்தார். அங்கே யாரும் இல்லை. இறங்கியதும் குத்தகைத் தாளில் கழகத்தின் பெயரை அடித்து, மாரிசாமியின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே கழகத்தின் அவசரக் கூட்டம். குற்றச்சாட்டுகள் வாசிக்கப்பட்டன. கொடியசைக்காமல் ரயில் ஓட்டியது. முதன்மை விருந்தினர் இல்லாத நேரத்தில் ஓட்டியது. டேஷ்போர்டில் பதியாமல் ஓட்டியது. நான்தான் சாட்சி.

“ஆன்ட்டி, ஓடித்தா?” என்று ஸ்வர்ணா கேட்டார்.

“ஓடிச்சும்மா.”

“அப்ரூவல் இல்லாம?”

“ஸ்டீம்ல ஓடிச்சு.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ ஆன்ட்டி.”

எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். என் இரண்டு கையிலும் வடைத் தட்டு இருந்தது. கீழே வைக்க இடமும் இருந்தது. நான் வைக்கவில்லை. மாரிசாமியை நீக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

இப்போதும் சனிக்கிழமைகளில் அந்தப் பண்ணையில் ரயில் ஓடுகிறதாம். அதே நேரத்தில் ஐசலினில் எங்கள் கூட்டம் குறைவில்லாமல் நடக்கிறது. நாற்பத்திரண்டு பொறுப்பாளர்களும் இருக்கிறார்கள், டேஷ்போர்டு பச்சையாக இருக்கிறது. ரயில் போய்விட்டதை இன்றுவரை ஒருவரும் கவனிக்கவில்லை. இருந்தபோதும் கவனித்ததில்லை.