என் பெயரில் வரும் ஆல்பமும் நான் வாசிக்காத நான்கு நிமிடமும்

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவோடு எழுதுவது. நீங்களும் அக்காவும் சௌக்கியம்தானே. நானும் சௌக்கியம் என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை, அடித்துவிட்டேன். உங்கள் பெயிண்ட் கிடங்கில் சரக்கைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று போன மாதம் சொன்னீர்களே, அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று உடனே தெரிவிக்கவும்.

பத்தொன்பது வருடமாக அடுத்தவர் ஜாஸ் குழுவில் பியானோ வாசித்துப் பிழைத்தவன் நான். தலைவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தால் ஆரம்பிப்பேன், கையைக் காட்டினால் நிறுத்துவேன், கச்சேரி சொதப்பினால் திட்டெல்லாம் அவருக்கு. இப்படி நிம்மதியாக இருந்தவனைப் பிடித்து, உன் பெயரிலேயே ஓர் ஆல்பம் போடு, நீயே தலைவனாக இரு என்று இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் சொல்ல, நானும் மண்டையை ஆட்டிவிட்டேன். நேற்றுக் காலை முதல் ஒலிப்பதிவு. தரையெல்லாம் ஒயர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், இந்தப் பக்கம் பேஸ் வாசிப்பவர், டிரம்மர், சாக்ஸஃபோன்காரர், மூன்று பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக் கொடுத்தேன். அவர்கள் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டார்கள். நான் விரல்களைக் கட்டைகள் மேல் வைத்துக்கொண்டு, தலைவர் எப்போது தலையசைப்பார் என்று காத்திருந்தேன். அத்தான், அந்தத் தலைவர் நான்தான் என்று எனக்கு உறைக்க நான்கு நிமிடம் ஆயிற்று. அதற்குள் பாட்டே முடிந்துவிட்டது.

"முதல் பாட்டுல பியானோவே வேணாம்னு விட ரொம்பத் துணிச்சல் வேணும் சார்" என்றார் ஒலிப்பதிவாளர். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "யோசிச்சுத்தான் செஞ்சேன்" என்று வந்தது. மற்ற மூவரும் டீ டம்ளருக்குள்ளேயே பார்த்தபடி குடித்தார்கள், அதைப் பார்த்துத்தான் எனக்குப் பாதி உயிர் போயிற்று. இன்னும் ஒரு மணி நேரத்தில் மறுபடி போக வேண்டும். இன்று குட்டு வெளிப்பட்டுவிடும், இந்த ஊரில் இனி ஒருவரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். பயமாக இருக்கிறது அத்தான், இந்த வயதில் அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. காய்ச்சல் என்று சொல்லலாம் என்றால் தெர்மாமீட்டர் மூன்று முறையும் ஒத்துழைக்கவில்லை. இருந்தாலும் பையைக் கட்டிவிட்டேன், உங்கள் பதில் வந்ததும் முதல் பஸ்ஸில் அங்கே வந்துவிடுகிறேன். டப்பாக்களை எண்ணும் வேலை எனக்குச் சரிப்படும், நான்கு வரை குறையில்லாமல் எண்ணுகிறேன்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். அக்காவிடம் எதையும் சொல்ல வேண்டாம், ஒரு வருடத்துக்குச் சிரிப்பாள்.

உங்களையே நம்பியிருக்கும்,
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது, என்னை அழைத்துப் போக டிரம்மர் வந்துவிட்டார். கட்டி வைத்த பையை ஒரு பார்வை பார்த்தார். வேறு வழியில்லாமல் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க மறந்துட்டீங்கன்னு எங்க மூணு பேருக்கும் அப்பவே தெரியும். நிறுத்தினா எழுந்து ஓடிருவீங்கன்னுதான் விடாம வாசிச்சோம்" என்றார். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கிடங்கு வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் அத்தான். பயம் கொஞ்சமும் குறையவில்லை. கீழே மற்ற இருவரும் ஹாரன் அடிக்கிறார்கள், மூன்று பேருமே வந்திருக்கிறார்கள். போகிறேன்.