காதால் கார் ஓட்டிய நாள்

நம்மூரில் ஒரு கார் பின்னால் நகர ஆரம்பித்தால் போதும், எங்கிருந்துதான் வருவார்களோ, நாலு ஆண்கள் முளைத்துவிடுவார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸோடு வருவார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை ஆட்டிக்கொண்டு வருவார். "வரட்டும், வரட்டும், ரைட்ல ஒடி, இன்னும் வரலாம், நில்லு நில்லு நில்லு!" என்று ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். ஓட்டுவது பெண் என்றால் அந்த நாலு பேர் எட்டாகிவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் கார் ஓட்டிய ஒரே பெண் நான். ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கார் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இவர் (என் வீட்டுக்காரர், பேண்டேஜ் துணி வியாபாரம்) பழையதாக வாங்கிய ஒரு வெள்ளை டப்பா. முன்னால் போவதற்கு எனக்கு ஒரு சிரமமும் இல்லை. பின்னால் வருவதுதான் மானப் பிரச்சினை. ஒவ்வொரு நாள் காலையும் காரை வீட்டிலிருந்து தெருவுக்கு இறக்குவதற்குள் எதிர்வீட்டுச் சுப்பையா அண்ணாச்சி வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்துவிடுவார். பேச முடியாததால் கையால் மட்டும் உத்தரவு போடுவார். நுரை என் கண்ணாடியில் தெறிக்கும்.

அந்தச் சமயம்தான் சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தம்பி லீவில் வந்தான். வந்தவன் ஒரு பெட்டியைக் கொடுத்தான். உள்ளே நாலு கறுப்புப் பொத்தான்கள், கொத்துக் கொத்தாக வயர், ஒரு சின்ன ஸ்பீக்கர். பம்பரில் பதித்துவிட்டால் கார் பின்னால் போகும்போது ஏதாவது குறுக்கே இருந்தால் 'பீப் பீப்' என்று கத்துமாம். கிட்டே போகப் போக வேகமாகக் கத்துமாம்.

"எதிரொலிதான்டா இது! வௌவால் மாதிரி!" என்று நான் குதித்தேன். (எட்டாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தை நடத்தி நடத்தி, எதிரொலியையே நான்தான் கண்டுபிடித்ததுபோல ஒரு நினைப்பு எனக்கு.)

இவர் பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். "பின்னால பாக்கத்தான கடவுள் கழுத்தக் கொடுத்திருக்காரு?" என்றார்.

"இது சயின்ஸ். உங்களுக்குப் புரியாது" என்றேன். அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு இன்றுவரை அவரிடம் நான் சொன்னதில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த செல்வத்திடம் காரைக் கொண்டுபோனேன். அதுவரை அவர் மாட்டியதெல்லாம் ரிவர்ஸில் பாட்டுப் பாடுகிற ஹாரன்கள்தான். நாலு பொத்தான்களையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நமக்குப் புதுசில்லக்கா" என்றார். அவருக்கும் எனக்கும் இதில் ஒரே அளவு ஞானம். ஒரே அளவு தைரியமும்கூட. ட்ரில்லிங் மெஷினை எடுத்து பம்பரில் நாலு ஓட்டை போட்டார். ஒவ்வொரு ஓட்டைக்கும் இவர் முகம் என் கண்முன் வந்து போனது.

மாட்டி முடித்து ஓட்டிப் பார்த்தால், ரிவர்ஸ் போட்டால் சத்தமே இல்லை. இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டால் கத்தியது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இடது திருப்பங்கள். ராஜபாளையம் முழுக்க அழுதுகொண்டே வந்து சேர்ந்தேன், கார்தான் அழுதது. இவர் வாசலில் நின்று கேட்டார். "நல்லாருக்கு. இடது பக்கம் போனா ஆகாதுன்னு அதுக்கு ஆரோ சொல்லியிருக்காக போல" என்றார்.

மறுநாள் செல்வம் வயரை மாற்றிக் கொடுத்தார். சோதனைக்காக அவரே பின்னால் நின்றார், கத்தியது. சுவரைக் காட்டினோம், கத்தியது. போகிற வழியில் நின்ற ஒரு எருமையையும் விடவில்லை, அதற்கும் கத்தியது. எருமைகூடத் திரும்பிப் பார்த்து வழிவிட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த நாள் காலை சுப்பையா அண்ணாச்சி வழக்கம்போல நுரையோடு ஓடி வந்தார். கண்ணாடியை இறக்கி, "அண்ணாச்சி, இனி உங்களுக்குச் சிரமமே வேண்டாம். வண்டியே பாத்துக்கிடும்" என்றேன். அவர் நின்றுவிட்டார். நான் கழுத்தைக்கூடத் திருப்பாமல், ராணி மாதிரி வண்டியைத் தெருவில் இறக்கிப் போனேன். கண்ணாடியில் பார்த்தால் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றுகொண்டிருந்தார், பாவம்.

இப்படியே கொஞ்ச நாள் போயிற்று. கழுத்தைத் திருப்பும் வழக்கமே எனக்கு விட்டுப்போனது. அப்போதுதான் என் நாத்தனார் கல்யாணிக்கு நிச்சயதார்த்தம் வந்தது.

கல்யாணிக்கு அதற்கு முன்னால் ரெண்டு இடம் கூடி வந்து கலைந்திருந்தது. ரெண்டு இடத்திலும் "இன்னொரு நாள் பேசிக்கிடுவோம்" என்று எழுந்து போனவர்கள்தான், திரும்பி வரவேயில்லை. அதனால் இந்தத் தடவை வீட்டில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை முருகேசன் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டில் டைப்பிஸ்ட். அமைதியான பையன். கல்யாணிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வாய் விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கக் காப்பியில் ரெண்டு தடவை சீனி போட்டாள்.

எங்கள் வீட்டு முன்னால் தெருவை அடைத்துத் துணிப்பந்தல் போட்டார்கள். சிமெண்டு ரோடு என்பதால் குழி தோண்ட வழியில்லை. தகர டின்னில் மண்ணை நிரப்பி, அதில் மெல்லிய சவுக்குக் கம்புகளை நட்டு, மேலே துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்துவிட்டார்கள். ஆனால் அந்தக் குடும்பத்துக்கே பெரியவர், மாப்பிள்ளையின் பெரியம்மா சண்முகத்தாய், முழங்கால் வலியால் வேனில் ஏற முடியாமல் ஊரிலேயே இருந்துவிட்டார். அவர் வராமல் அங்கே எதுவும் நடக்காதாம். "நான் போய்க் கூட்டிட்டு வாரேன் மாமா" என்று மாமனாரிடம் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தேன்.

பெரியம்மா மடியில் பால்கோவாப் பெட்டியோடு பின்சீட்டில் உட்கார்ந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அவருக்கு நான் வௌவால் பாடம் நடத்தினேன்.

"வௌவாலுக்குக் கண்ணு தெரியாதும்பாகளே தாயி?"

"அதான் பெரியம்மா, அது சத்தம் போடும். அந்தச் சத்தம் எதுலயாவது பட்டுத் திரும்பி வரும். அத வச்சுப் பாத்துக்கிடும். காதால பாக்குதுன்னு வச்சுக்கிடுங்க."

"அப்ப நீ காதாலயா வண்டி ஓட்டுதே?"

"பின்னால போகும்போது மட்டும்."

பெரியம்மா பால்கோவாப் பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தெருமுனைக்கு வந்ததும் அப்படியே நேராகப் போய் நிறுத்தியிருக்கலாம். அவர் பத்தடி நடந்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் மாணவிகள் சிலரும் நின்றார்கள். பின்பக்கமாகக் கொண்டுபோய், பெரியம்மா கதவைத் திறந்தால் ஜமுக்காளத்தில் கால் வைக்கிற மாதிரி நிறுத்திக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. காரைத் திருப்பி, ரிவர்ஸ் போட்டேன்.

வழக்கம்போல ஆண்கள் கிளம்பினார்கள். சுப்பையா அண்ணாச்சி, அன்றைக்குப் பட்டு வேட்டியில், ஓரமாக நின்று ரெண்டு கையையும் ஆட்டினார். "டீச்சரம்மா, போதும்! கம்பு! கம்பு!"

நான் சிரித்துக்கொண்டேன். கார் ஊமையாக இருந்தது. கார் ஊமையாக இருந்தால் பின்னால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

பின்சீட்டிலிருந்து பெரியம்மா, "தாயி, பின்னால கம்பு நிக்குத மாதிரி இருக்கே" என்றார்.

"இல்ல பெரியம்மா. இருந்தாக் கத்தும்."

"நான் பாக்கேன் தாயி."

"நீங்க பயப்படாதீங்க. அதுக்கு நம்ம கண்ண விடத் துல்லியம்."

"ஏட்டி! கம்புடீ!"

'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். பந்தல் துணி முதலில் லேசாக ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு மூலையிலிருந்து ஒவ்வொரு கம்பாகச் சாய்ந்தது. மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பா, சித்தப்பா, தாம்பூலத் தட்டுகள், இவர், மாமனார், எல்லாருமாகச் சேர்ந்து சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பெரிய துணிக்குள் போய்விட்டார்கள். மிச்சத் துணி காரின் டிக்கி மேலேயும் வந்து விழுந்தது.

மெல்லிய உருட்டுக் கம்பில் பட்ட ஒலி பக்கவாட்டில் சிதறிப்போகும், நேராகத் திரும்பி வராது, மண் டின்னோ பம்பருக்குக் கீழே அடங்கிவிடும் என்பது அந்த நிமிடம் என் மண்டைக்குள் பளிச்சென்று வந்தது. எட்டாம் வகுப்புப் பாடம்தான்.

பிரேக்கை மிதித்தபடி, ரிவர்ஸ் கியரை எடுக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் துணிக்கு அடியில் மேடு மேடாகத் தலைகள் நகர ஆரம்பித்தன. ஒரு தலை காரின் பின்னால் வெளியே வந்தது. அப்போது கத்தியது பாருங்கள், பீப்! அடுத்த தலை. பீப், பீப்! மாப்பிள்ளையின் சித்தப்பா தவழ்ந்து வந்தார். பீபீபீபீப்!

"இப்ப எதுக்குடீ கத்துது?" என்றார் பெரியம்மா.

"பின்னால ஆள் இருக்காங்கன்னு சொல்லுது பெரியம்மா" என்றேன். அழுகையை அடக்கிக்கொண்டு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

துணியை விலக்கினார்கள். யாருக்கும் அடி இல்லை. சித்தப்பா தலையில் ஒட்டியிருந்த பூவைத் தட்டிவிட்டு, மாமனாரைப் பார்த்துச் சொன்னார்: "தப்பா எடுத்துக்கிடாதிய. தட்டு மாத்துத நேரத்துல பந்தலே சாஞ்சிருக்கு. சகுனம் சரியில்ல. இன்னொரு நாள் பேசிக்கிடுவோம்."

இன்னொரு நாள். மாமனாரின் முகம் செத்துப்போயிற்று. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கல்யாணி நின்றிருந்தாள். அவள் என்னைத் திட்டுகிற மாதிரி பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னைப் பார்க்கவே இல்லை. முருகேசனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாகலாம் என்று சும்மா சொல்வோமே, அதை அன்றைக்கு நான் சும்மா சொல்லவில்லை.

கார்க் கதவு திறந்தது. பெரியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"எதுடே சகுனம்?" என்று சித்தப்பாவைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏட்டி டீச்சரு, எறங்கி வா. நான் என்ன சொன்னேன், நீ என்ன சொன்னே? எல்லாருக்கும் கேக்குத மாதிரி சொல்லு."

இறங்கினேன். தெரு முழுக்க ஜனம். என் மாணவிகள் முன்வரிசையில். வகுப்பில் நான் யாரையாவது எழுப்பிக் கேள்வி கேட்டால் அவர்கள் எப்படி நிற்பார்களோ, அப்படி நின்றேன்.

"கம்பு இருக்குன்னு சொன்னீங்க."

"நீ?"

"இருந்தாக் கத்தும்னு சொன்னேன்."

"பொறவு?"

"கண்ண விடத் துல்லியம்னு சொன்னேன்."

"வௌவாலச் சொல்லு. அத விட்டுட்டியே."

வௌவாலையும் சொன்னேன். கூட்டத்தில் யாரோ முதலில் களுக்கென்றார்கள். சுப்பையா அண்ணாச்சி, "நானும் கத்துனேன்மா, பட்டு வேட்டி கட்டிட்டுக் கத்துனேன்!" என்றார். அவ்வளவுதான், தெருவே சிரித்தது. மாணவிகள் தாவணியை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். எனக்குக் காது மடலெல்லாம் கொதித்தது.

பெரியம்மா விடவில்லை. "இப்பச் சொல்லு. பந்தல் சாஞ்சது சகுனமா?"

"இல்ல பெரியம்மா" என்றேன். "என் புத்திகெட்ட வேலை."

"கேட்டியாடே?" என்று சித்தப்பாவிடம் திரும்பினார் பெரியம்மா. "சாமி ஒண்ணும் சொல்லல. இந்தப் புள்ளைதான் சொன்ன பேச்சக் கேக்கல. இதுக்குப் போயி நல்ல காரியத்தத் தள்ளிப் போடுவாகளா? என்னால இன்னொரு தடவ இவ வண்டியில வர முடியாது, பாத்துக்கோ."

சித்தப்பா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்படியே வெயிலில், பந்தல் துணியை நாலு பேர் நாலு பக்கமும் தூக்கிப் பிடிக்க, அதன் கீழே தட்டு மாற்றினார்கள். துணியைப் பிடித்த நாலு பேரில் நானும் ஒருத்தி. முடியும்வரை கையைக் கீழே இறக்கவில்லை; வலித்தது, இறக்கத் தோன்றவில்லை. ராத்திரி இவர் ஒரு வார்த்தைகூடக் கேலி செய்யவில்லை. அதுதான் ரொம்ப உறுத்தியது. அடுத்த வாரம் செல்வத்திடம் போய்ப் பொத்தான்களைக் கழற்றச் சொன்னேன். "நல்லாத்தானக்கா வேலை செய்யுது" என்று அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

கல்யாணம் நடந்தது. கல்யாணிக்கு ஒரு பையன், ஒரு பெண். அந்த வீட்டில் இன்றைக்குவரை பால் பொங்கி வழிந்தாலும், புறப்படும்போது செருப்பு அறுந்தாலும், யாராவது முகம் சுளிப்பதற்குள் ஒரு குரல் வந்துவிடும்: "சகுனம் இல்ல, அத்தைதான்!" அத்தை என்பது நான். நான் அந்த ஊரிலேயே இல்லாவிட்டாலும் நான்தான்.

போன வருடம் கல்யாணியின் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். கதவு ஜன்னலெல்லாம் மூடிய ஏசி மண்டபம். சரியாகத் தட்டு மாற்றும்போது கரண்ட் போய் ஒரே இருட்டு. புதுச் சம்பந்தி வீட்டுப் பக்கமிருந்து, "என்னப்பா இது, இந்த நேரம் பாத்து..." என்று ஒரு குரல் இழுத்தது. உடனே எங்கள் பக்கத்திலிருந்து கல்யாணியின் பையன் கத்தினான், "சகுனம் இல்லைங்க! எங்க அத்தைதான்!"

எங்கள் ஆட்கள் மொத்தமும் இருட்டில் சிரித்தார்கள். அந்தப் பக்கத்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அது யாருங்க அத்தை?" என்று கேட்டார்கள்.

கரண்ட் வந்தது. முன்வரிசையிலிருந்து கல்யாணி திரும்பி என்னைத் தேடினாள். நான் எழுந்து நின்று கையைத் தூக்கினேன்.