ஜெபம் பண்ணிவிட்டுச் சொல்கிறேன்

ஜெபித்துச்சொல்வார் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. எங்கள் தோபா ஏரிக்கரையில் ஒவ்வொரு கிறிஸ்தவக் கோவிலுக்கும் நாலு பேராவது தேறுவார்கள். கோவில் பெஞ்சைத் தூக்க ஒரு கை கொடுங்கள் என்றாலும் சரி, காய்ச்சலில் கிடப்பவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாலும் சரி, முகம் கனிய, குரல் தணிய, "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேனே" என்பார்கள். இன்னொரு துண்டு பன்றிக்கறி போடட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். தட்டு தானாக நீளும். அதற்கு மட்டும் ஆண்டவர் சித்தம் தெரிய வேண்டியதில்லை!

இந்த இனத்தின் திலகம் மூப்பர் மரோஜாஹான். பாட்டுக் குழுவில் அவர் பக்கத்தில் நிற்கிறவன் நான். அதனால் ஒரு காது எனக்கு மந்தம். "மன்னிக்கணும்கிறது கட்டளை, யோசனை இல்லை!" என்று போன ஞாயிறுதான் பிரசங்க மேடையைக் குத்தினார். அதே மனிதர் தங்கை டமேரியாவோடு பேசி ஆறு வருஷம். காரணம்? அவள் மாமனார் சாவு விருந்தில், பெண் கொடுத்த வீட்டாருக்கு உரிய பன்றித் தாடை வேறொருவர் பங்குக்குப் போய்விட்டது. சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் தாடைக்காகக் குடும்பமே இரண்டாகும்.

இந்தச் சனிக்கிழமை டமேரியாவின் மகன் சவுத்துக்குக் கல்யாணம். தாய்மாமனும் அவர் மனைவியான அத்தையும் ஆளுக்கொரு முனை பிடித்து உலோஸ் துணியைத் தம்பதிக்குப் போர்த்த வேண்டும். இல்லையென்றால் எங்களவர் யாரும் அதைக் கல்யாணமாக மதிக்கமாட்டார்கள். புதன்கிழமை டமேரியா அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். நானும் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, தாடையை மாத்திக் குடுத்தது என் தப்புதான். கால்ல விழணுமா? விழறேன். சனிக்கிழமை வந்துரு."

"சேச்சே, நான் என்னிக்கோ மன்னிச்சுட்டேன்மா. வர்றதுக்குத்தான் ஆண்டவர்கிட்ட ஒரு அடையாளம் கேட்டிருக்கேன்."

"நான் வந்து நிக்கிறேனே, இது அடையாளம் இல்லையா?"

அவர் கண்ணை மூடினார். அரசாங்கத்துக்காக, மழைக்காக, ஏரி மீனுக்காக, கண்காணாத தேசத்து அனாதைகளுக்காக, எனக்குத் தெரிந்து செவ்வாய் கிரகம் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்காகவும் ஜெபித்தார். டமேரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிய பிறகுதான் ஆமென் வந்தது. எனக்குக் கோபமான கோபம்.

சனிக்கிழமை காலையிலும் மனிதர் முழங்காலில்தான். அவர் மனைவி ரொத்துவா பெட்டியைத் திறந்து உலோஸை எடுத்தாள்.

"ஏங்க, நான் கிளம்பறேன்."

"இன்னும் பதில் வரலையே ரொத்துவா!"

"பதில் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே வந்தாச்சு. உங்களுக்குத்தான் அது பிடிக்கலை."

வாசலில் வண்டியோடு நின்ற என் பின்னால் ஏறிக்கொண்டாள். மண்டபத்தில் அத்தையை அழைத்தார்கள். எழுந்துபோய் உலோஸை விரித்தாள். ஒரு முனை அவள் கையில். மறுமுனை தரையில். அதைத் தொட யாருக்கு உரிமை? சவுத் தலை குனிந்தான். டமேரியா தோள்துணியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அப்போது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார் மரோஜாஹான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஒரு காலில் செருப்பில்லை. மூச்சிரைக்க மறுமுனையை எடுத்து, மருமகன் தோளில் போட்டு, தங்கையைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டார்.

பிறகு மெதுவாகக் கேட்டேன். "அடையாளம் எப்ப வந்துச்சு மூப்பரே?"

"எங்கே வந்துச்சு? வரவே இல்லையே. வராமலேதான் எழுந்து ஓடி வந்தேன். ஆத்துப் பாலத்தைத் தாண்டினதும்தான், அதைக் கேட்டதே நான் போகாம இருக்கத்தான்னு புரிஞ்சுது."

நல்ல மனிதர்தான். நீங்களும் நல்லவர்தான், எனக்குத் தெரியும். யாரிடமோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்கு ஏற்ற வேளையை ஆண்டவர் காட்டட்டும் என்று இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறீர்கள், அப்படித்தானே? எண் கைபேசியில் இருக்கிறது. முதலில் கூப்பிடுங்கள். மறுமுனையில் மணி அடிக்கிற நேரம் போதும், ஜெபிக்க.